கட்டி முடித்தாயிற்றே!

ஊருக்கு வெளியே ஒரு நிலம். சுற்றிலும் தகர வேலி. உள்ளே பொக்லைன் இயந்திரத்தின் உறுமல். நேற்றுவரை நாணல் அசைந்த பள்ளத்திலே இன்று செம்மண் குவியல். மேட்டைச் சீவுகிறார்கள், பள்ளத்தை நிரப்புகிறார்கள், நிரப்பிய இடத்திலே பாதை போடுகிறார்கள். பாதையோரத்திலே ஒரு பலகை. பலகையிலே வானளாவும் மாடங்களின் வண்ணப்படம். படத்தின் கீழே, 'முன்பதிவு நடைபெறுகிறது' என்ற அழைப்பு.

அதே நாளில், தலைநகரத்து அலுவலகம் ஒன்றிலே ஒரு கோப்பு. 'இந்த நிலத்திலே கட்டடம் எழுப்பலாமா? எழுப்பினால் இங்கு தேங்கும் மழைநீர் எங்கே போகும்? கழிவு எங்கே சேரும்? அக்கம்பக்கத்துக் கிணறுகள் என்னவாகும்?' என்று அந்தக் கோப்பு கேட்கிறது. வல்லுநர் குழு இன்னும் கூடவில்லை. விடை இன்னும் எழுதப்படவில்லை.

கேள்வி கோப்பிலே உறங்குகிறது. விடையோ களத்திலே எழும்பிக்கொண்டிருக்கிறது, செங்கல்லாலும் சிமெண்டாலும்!

தாலியைக் கட்டி முடித்துவிட்டு, மணமகளின் பக்கம் திரும்பி, 'பெண்ணே! இந்த மணத்துக்கு உனக்குச் சம்மதந்தானா?' என்று வினவுபவனை உலகம் என்னென்று கூறும்? கேட்டானே என்று பாராட்டுமா? கேட்காமலே இருந்தவனைவிட இவன் கொடியவன் என்றன்றோ கூறும்! கேட்காதவன் அவளுடைய உரிமையை மறந்தான். இவனோ, அந்த உரிமை உண்டு என்பதை நன்கு அறிந்திருந்தும் ஏய்த்தான். மறுத்துரைக்க இடமில்லாத வேளையிலே கேட்கப்படும் கேள்வி, கேள்வியன்று, கேலி.

ஆய்வு முடியுமுன் மண்ணைத் தோண்டத் தொடங்குவதும் இத்தகையதே. பின்னர் ஒரு நாள் தடையெழும்போது, அவர்கள் வாயிலிருந்து வருவது ஒரே ஒரு வாதம்: 'கட்டி முடித்தாயிற்றே! இனி என்ன செய்வது?' அந்த 'ஆயிற்றே' என்ற சொல்லுக்குத்தான் எத்துணை வலிமை! சட்டத்தின் பிரிவுகள் அதன் முன் தயங்குகின்றன. அதிகாரிகள் அதைக் கேட்டுக் கைபிசைகின்றனர். நீதிமன்றங்களே இரண்டுபட்டு நிற்கின்றன. அந்த ஒரு சொல்லைத்தான் நாம் இங்கு ஆராயப் புகுகிறோம். செய்து முடிக்கப்பட்டது என்ற ஒரே காரணத்தால் ஒரு செயல் நியாயம் பெற்றுவிடுமா?

முதலில் சட்டம் யாது கூறுகிறது என்று காண்போம்.

குறிப்பிட்ட வகைத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்ற ஏற்பாட்டை இந்திய அரசு 1994ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அறிவிக்கையாக வெளியிட்டது. 2006ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் வந்த அறிவிக்கை அதன் இடத்தைப் பெற்றது. இந்த இரண்டாவது அறிவிக்கை, 'முன் அனுமதி' என்று ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது. கட்டட வேலைக்கு மட்டுமன்று, நிலத்தைத் தயார் செய்வதற்கும் முன்னரே அனுமதி பெற்றாக வேண்டும். நிலத்தைக் காத்துக்கொள்ள வேலியிட்டுக் கொள்ளலாம், அவ்வளவே விலக்கு. மரத்தை வெட்டுவதும், மேட்டைக் கரைப்பதும், பள்ளத்தைத் தூர்ப்பதும் 'தொடக்கம்' அல்ல, 'ஏற்பாடு'தான் என்று சாதிப்போர், அறிவிக்கையின் இந்த வாசகத்தைப் படிக்காதவர்கள். அல்லது படித்தும் மறைப்பவர்கள்.

வடிகட்டல், வரம்பு வகுத்தல், மக்கள் கருத்தறிதல், மதிப்பீடு என நான்கு படிகளை அந்த அறிவிக்கை வகுத்தது. கட்டடத் திட்டங்களுக்கு, 20,000 சதுர மீட்டர் பரப்பு முதற்கொண்டு அனுமதி தேவை என்றது. ஆனால் அத்தகைய திட்டங்களுக்கு மக்கள் கருத்தறியும் படியை விலக்கியும் வைத்தது. ஆகவே அங்கே ஊரார் எழுந்து நின்று பேச மன்றமில்லை. வல்லுநரின் ஆய்வு ஒன்றே காவல். அந்த ஒற்றைக் காவலனையும் உறங்கும்போதே கட்டிப்போட்டுவிட்டு உள்ளே நுழைவதுதான், அனுமதிக்கு முன் வேலையைத் தொடங்குவது.

'முன்' என்ற சொல்லிலே அப்படி என்ன மந்திரம் இருக்கிறது? ஆறு திங்கள் முன்னே பெற்றாலென்ன, பின்னே பெற்றாலென்ன, காகிதம் ஒன்றுதானே என்று கேட்பார் உளர். மந்திரம் ஏதுமில்லை. காரணங்கள் உள்ளன; அவை மூன்று.

முதற்காரணம், அளவுகோல். ஆய்வு என்பது நிலத்தை உள்ளது உள்ளவாறு காண்பதிலிருந்து தொடங்குகிறது. மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவம் முழுவதும் காற்றையும், நீரையும், மண்ணையும், ஓசையையும் அளந்து, அங்கு வாழும் உயிரினங்களைக் கணக்கிட்டு ஏட்டிலே பதிக்கின்றனர். 'திட்டத்துக்கு முன் இப்படி இருந்தது' என்ற அந்த அடிநிலைக் கணக்கு இருந்தால்தான், 'திட்டத்தால் இவ்வளவு கெடும்' என்று சொல்ல இயலும். இயந்திரம் புகுந்து புரட்டிய பின்னர் அளப்பவர் எதை அளக்கிறார்? நிலத்தையா? இல்லை. நிலத்தின் புண்ணை அளக்கிறார். அறுவை முடிந்த உடலைப் பார்த்து, அதற்கு முன்பு நாடித்துடிப்பு எப்படியிருந்தது என்று எழுதச் சொன்னால் எந்த மருத்துவர் எழுதுவார்?

இரண்டாவது காரணம், மாற்று வழி. நல்ல ஆய்வின் பயன் 'கூடாது' என்று சொல்வது மட்டுமன்று. 'இங்கே வேண்டா, அங்கே கட்டு. இந்த ஓடையை விட்டு ஐம்பதடி தள்ளிப் பாதை போடு. இந்தத் தாழ்வான பகுதியை நீருக்கென்றே விட்டுவிடு' என்று சொல்வதுதான் அதன் பெரும் பயன். காகிதத்திலே கோடு ஒன்றை அழித்து மாற்றிப் போட ஒரு நாழிகை போதும். பூமிக்கடியிலே இறக்கிய தூணை மாற்றிப் போட எந்தப் பொறியாளரால் முடியும்? முந்தித் தொடங்குபவன் அனுமதியை மட்டும் இழக்கவில்லை. தனக்கே பயன்படக்கூடிய அறிவுரையையும் இழக்கிறான்.

இந்த இடத்திலே, திரும்பப் பெற முடியாதவை எவை என்பதையும் எண்ண வேண்டும். ஓரங்குல மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகின்றன. அதைச் சீவி எறிய ஒரு முற்பகல் போதும். சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டு ராம்சார் பட்டியலிலே அது இடம்பெற்றபோது எஞ்சி நின்றது ஏறத்தாழ 1,247 எக்டேர். முன்னாளில் இருந்ததோ அதைப் போலப் பல மடங்கு. குப்பை மேடும், சாலையும், அரசுக் கட்டடங்களும், தனியார் மாடங்களும் சிறிது சிறிதாக அதை விழுங்கின. 2015ஆம் ஆண்டு டிசம்பரிலே வெள்ளம் வந்தபோது, தன் பழைய இருப்பிடத்தைத் தேடி வந்த நீர், அங்கே வீடுகளைக் கண்டது. நீருக்குப் பட்டா தெரியாது, பள்ளம்தான் தெரியும்.

மூன்றாவது காரணமே எல்லாவற்றினும் பெரிது. அது ஆராய்பவரின் உரிமை பற்றியது. 'வேண்டா' என்று சொல்லும் உரிமை இருக்கும் வரையில்தான் 'சரி' என்ற சொல்லுக்கு மதிப்பு. வெற்று நிலத்தின் முன் நிற்கும் அதிகாரி, நிலத்தைப் பார்க்கிறார். பாதி எழுந்த கட்டடத்தின் முன் நிற்கும் அதே அதிகாரி, செலவழிந்த பணத்தைப் பார்க்கிறார், வாங்கியோர் முகத்தைப் பார்க்கிறார், மேலிடத்தின் கண்ணைப் பார்க்கிறார். கேள்வியே மாறிவிடுகிறது. 'இங்கு கட்டுவது தகுமா?' என்பதுதான் முதலிலே இருந்த கேள்வி. 'இவ்வளவையும் வீணாக்குவது தகுமா?' என்பதே இப்போது கேட்கப்படும் கேள்வி. விடையை வெல்ல முடியாதவன் கேள்வியை மாற்றிவிடுகிறான். நுட்பமான திருட்டு இது! பொருளைத் திருடவில்லை, தீர்ப்பைத் திருடுகிறான்.

இந்தத் திருட்டு எப்படி நடைபெறுகிறது என்பதற்கு, கடல் கடந்த நாடொன்றின் வரலாறு நல்ல சான்று.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலே லிட்டில் டென்னசி ஆற்றின் மீது டெல்லிக்கோ அணை. கட்டியது ஓர் அரசு நிறுவனமே, டென்னசிப் பள்ளத்தாக்கு ஆணையம். 1967ஆம் ஆண்டு வேலை தொடங்கிற்று. சுற்றுச்சூழல் விளைவை ஆராய்ந்து அறிக்கை தரவேண்டும் என்ற சட்டம் 1970ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 'எங்கள் வேலை அதற்கு முன்பே தொடங்கியது. எங்களுக்கு அச்சட்டம் பொருந்தாது' என்றது ஆணையம். நீதிமன்றம் ஏற்கவில்லை. 1972ஆம் ஆண்டு தொடக்கத்திலே தடை விதித்தது. அறிக்கை வந்தது, தடை 1973இல் நீங்கிற்று, வேலை தொடர்ந்தது.

அதே 1973இல், அந்த ஆற்றிலே நத்தையைத் தின்று வாழும் சிறு மீன் ஒன்றை டேவிட் எட்னியர் என்ற உயிரியல் அறிஞர் கண்டார். 1975இல் அழிவின் விளிம்பிலுள்ள உயிரினப் பட்டியலிலே அம்மீன் சேர்ந்தது. அப்போதும் வேலை நிற்கவில்லை, விரைந்தது. 1978ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம், ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக நின்று, அணையை மூடக்கூடாது என்று தீர்ப்பளித்தபோது, 10 கோடி டாலருக்கு மேல் செலவாகியிருந்தது. 'விரலளவு மீனுக்காகப் பத்துக் கோடியா?' என்று நாடெங்கும் நகைத்தார்கள். 'ஆயிற்றே' என்பதன் ஆங்கில வடிவம் அது!

விலக்கு அளிக்கலாமா என்று ஆராய அமைச்சர்களும் உயரதிகாரிகளும் அடங்கிய குழு ஒன்று நாடாளுமன்றச் சட்டத்தாலேயே அமைக்கப்பட்டது. 1979ஆம் ஆண்டு சனவரியிலே அக்குழு கூடிற்று. மீனுக்காகக் கண்ணீர் வடிப்போர் நிறைந்த குழுவன்று அது. குடியரசுத் தலைவரின் பொருளாதார ஆலோசகர் குழுத் தலைவரான சார்லஸ் சூல்ட்சே அதிலே ஒருவர். அவர் எடுத்துக் காட்டியது என்ன? திட்டம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முடிந்திருக்கிறது. எஞ்சிய ஐந்து பங்கை முடிக்க ஆகும் செலவை மட்டும் கணக்கிட்டு, அணையால் வரும் பயன் முழுவதோடும் ஒப்பிட்டாலும், அது கட்டுபடியாகவில்லை! குழு ஒருமனதாக விலக்கை மறுத்தது.

இங்கே சற்று நின்று எண்ணுங்கள். 'இவ்வளவு செலவாயிற்றே, இனி நிறுத்தினால் நட்டம்' என்று எத்தனை ஆண்டுகள் பேசினார்கள்! கணக்கைத் திறந்து பார்த்தபோது, மேலும் நடத்துவதே நட்டம் என்று தெரிந்தது. செலவழிந்த பணம் வாதம் செய்தது. ஆனால் அது பொய்ச்சாட்சி.

பின்னர் நடந்தது என்ன? வரவுசெலவுச் சட்டம் ஒன்றிலே சில வரிகளை நுழைத்து அணைக்கு விலக்கு பெற்றுத் தந்தனர் சட்டமன்றத்தார். 1979 செப்டம்பரிலே குடியரசுத் தலைவர் கார்ட்டர் கையொப்பமிட்டார். நவம்பர் 29ஆம் நாள் மதகுகள் மூடப்பட்டன. செழித்த வயல்கள் மூழ்கின. டென்னசி என்ற பெயருக்கே மூலமான தனாசி என்ற செரோக்கி மக்களின் பழம்பதியும் மூழ்கிற்று. அந்த மீன் வேறு ஆறுகளிலே பிழைத்துக்கொண்டது. 2022ஆம் ஆண்டு பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டது. ஆகவே ஆய்வு வீண் என்பார்கள் சிலர். மீன் பிழைத்தது உண்மை. வயல் பிழைத்ததா? மூதாதையர் ஊர் பிழைத்ததா? மீன் ஒரு வாயில்தான். அந்த வாயில் வழியே நுழைந்து பார்த்தபோதுதான், அணையே தேவையில்லாதது என்ற உண்மை புலப்பட்டது. காலந்தாழ்ந்து புலப்பட்டது. அதுவே கொடுமை.

அடுத்து, நம் அண்டையிலே நடந்ததைக் காண்போம். கேரளத்திலே கொச்சிக்கு அருகே மரடு. காயற்கரையிலே, கடலோர ஒழுங்குமுறைக்கு உட்பட்ட நிலத்திலே அடுக்குமாடிக் குடியிருப்புகள். 2006ஆம் ஆண்டு ஊராட்சி கட்டட அனுமதி தந்தது. கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் இசைவு பெறப்படவில்லை. 2007இலேயே தவறு தெரிந்துவிட்டது. 'ஏன் அனுமதியை நீக்கக்கூடாது?' என்று ஊராட்சி விளக்கம் கேட்டது. கட்டுநர்கள் உயர் நீதிமன்றத்தை நாடித் தடையாணை பெற்றனர். வழக்கு ஒருபுறம் நடந்தது. மாடிகள் மறுபுறம் எழுந்தன. வழக்கு முடியுமுன் வீடுகள் விற்றுத் தீர்ந்தன. குடும்பங்கள் குடியேறின. குழந்தைகள் அந்த முற்றங்களிலே நடை பயின்றனர்.

2019ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இடிக்க ஆணையிட்டது. 2020ஆம் ஆண்டு சனவரி 11, 12 ஆகிய இரு நாட்களிலே நான்கு குடியிருப்புத் தொகுதிகளும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. முந்நூறுக்கு மேற்பட்ட வீடுகள் சில நொடிகளிலே புழுதியாயின. நாடே தொலைக்காட்சியிலே அதைக் கண்டது. சிலர் கைதட்டினர். வீட்டை இழந்தவர் கண்ணிலே நீர் நின்றது. வீட்டுக்கு 25 இலட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடாக அரசு தரவேண்டும், அதனைக் கட்டுநரிடமிருந்து மீட்க வேண்டும் என்றது நீதிமன்றம். 2007இல் ஒரு செங்கல்லை நிறுத்தியிருந்தால் தீர்ந்திருக்கும் வழக்கு, பதின்மூன்று ஆண்டுகள் கழித்து மலைபோன்ற இடிபாடாகக் கிடந்தது.

நட்டம் யாருடையது? இதுதான் நாம் உரக்கக் கேட்க வேண்டிய கேள்வி. முந்தித் தொடங்குபவரை 'துணிந்தவர்' என்கிறது வணிக உலகம். துணிவு என்பது தன் தலையைத் தானே பணயம் வைப்பது. இவர் பணயம் வைப்பது யாருடைய தலையை? ஓய்வூதியத்தை மொத்தமாகக் கொடுத்து முன்பதிவு செய்த ஆசிரியருடைய தலையை. நகையை அடகு வைத்துத் தவணை கட்டும் குடும்பத்தின் தலையை. வேலை நின்றால் மறுநாள் அடுப்பெரியாத சித்தாளின் தலையை. நாளை நீதி வந்து கதவைத் தட்டும்போது, அவர் தம் மார்பைக் காட்டி நிற்பதில்லை. இவர்களை முன்னே நிறுத்திப் பின்னே ஒளிகிறார். 'இந்த ஏழைகளின் பணம் என்னவாவது?' என்று அவரே கேட்கிறார்! சேமிப்பைக் கொடுத்தவர் வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆகவில்லை. கட்டுநரின் கேடயம் ஆனார்.

எதிர்வழக்கையும் கேட்பது முறை. 'நீங்கள் அலுவலகங்களை அறியாமல் பேசுகிறீர்கள். இறுதி அறிக்கை சேர்ந்த பின் மதிப்பீட்டுக்கு 60 நாள், முடிவுக்கு 45 நாள், ஆக 105 நாள் என்று 2006ஆம் ஆண்டு ஏட்டிலே எழுதினார்கள். ஏடு சொல்வது ஒன்று, நடப்பது ஒன்று. குழுவின் காலம் முடிந்து புதிய குழு வரும்வரை கோப்பு கிடக்கும். ஒரு விளக்கம் கேட்பார்கள், தந்தால் மற்றொன்று கேட்பார்கள். வங்கியின் வட்டி உறங்குவதில்லை. மழை வருமுன் அடித்தளம் போடாவிட்டால் ஓராண்டு போய்விடும். நாங்கள் செய்வது தீமைக்காக அன்று, பிழைப்புக்காக.'

இதிலே உண்மை உண்டு, நாம் மறுக்கவில்லை. காலந்தாழ்த்தும் அலுவலகமும் ஒருவகையிலே அநீதியே செய்கிறது. கோப்பை நகர்த்தக் கை நீளும் இடமாயின், அது அநீதி மட்டுமன்று, கொள்ளை. ஆனால் ஒரு நோய்க்கு மற்றொரு நோய் மருந்தாகாது. மருத்துவர் வரத் தாமதமாயிற்று என்பதற்காக, நோயாளியின் உறவினர் கத்தியை எடுத்து அறுக்கத் தொடங்கலாமா? 'விரைந்து ஆராயுங்கள், குறித்த நாளில் முடிவு கூறுங்கள், கூறாதவர் காரணம் சொல்லுங்கள்' என்று போராடினால் நாமும் அவர்களோடு நிற்போம். 'ஆராயாமலே விடுங்கள்' என்றால் நிற்கமாட்டோம்.

மேலும் ஒன்று. அதே ஊரிலே, அதே தொழிலிலே, அனுமதிக்காகக் காத்திருந்தவனும் ஒருவன் உண்டு. அவனும் வட்டி கட்டினான். அவனுக்கும் மழை வந்தது. முந்தியவனுக்குப் பின்னர் அனுமதி கிடைத்துவிட்டால், காத்திருந்தவன் என்ன பாடம் கற்பான்? சட்டத்தை மதித்தவன் ஏமாளி, மிதித்தவன் கெட்டிக்காரன் என்றுதானே? நேர்மையாளனை நாணச் செய்யும் ஏற்பாடு எதுவாயினும், அது நாட்டைக் கெடுக்கும்.

இனி, நம் நாட்டின் ஆட்சியும் நீதியும் இந்தச் சிக்கலிலே எங்ஙனம் அலைந்தன என்பதைச் சுருக்கமாகக் கூறுவோம். முன் அனுமதி பெறாது தொடங்கியோர் பின்னர் விண்ணப்பிக்க ஆறு திங்கள் வாயில் ஒன்றை 2017ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆம் நாள் ஒன்றிய அரசு திறந்தது. இது ஒருமுறை மட்டுமே என்று சென்னை உயர் நீதிமன்றத்திலே உறுதியும் கூறியது. ஆனால் 2021ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மற்றொரு வழிமுறையை வகுத்து அதே வாயிலை மீண்டும் திறந்தது. ஒருமுறை மன்னிப்பு, மறுமுறை வழக்கம்!

2025ஆம் ஆண்டு மே 16ஆம் நாள், வனசக்தி என்ற அமைப்பு தொடுத்த வழக்கிலே, நீதிபதிகள் ஓகாவும் உஜ்ஜல் பூயானும் இவ்விரு ஏற்பாடுகளையும் செல்லாதவையாக்கினர். அதுவரை தரப்பட்ட அனுமதிகளை மட்டும் விட்டுவைத்தனர். ஆறு திங்களே சென்றன. நவம்பர் 18ஆம் நாள், தலைமை நீதிபதி கவாயும் நீதிபதி வினோத் சந்திரனும் அத்தீர்ப்பைத் திரும்பப் பெற்று, வழக்கை மீண்டும் விசாரிக்கச் செய்தனர். நீதிபதி பூயான் உடன்படாது தனித் தீர்ப்பெழுதினார். பெரும்பான்மையோரின் கவலை யாது? ஏறத்தாழ 20,000 கோடி ரூபாய்ப் பொதுத்திட்டங்கள் இடிபடும். ஒடிசாவிலே பெரிய மருத்துவமனை, கருநாடகத்திலே வானூர்தி நிலையம் முதலியன அவற்றுள் அடங்கும். இடிப்பதே மேலும் மாசை விளைக்கும் என்பது.

இந்தக் கவலையை நாம் எள்ளி நகையாடவில்லை. நோயாளிகளுக்கென எழுந்த மருத்துவமனையை இடிப்பதிலே இன்பம் காண்பவன் மனிதனல்லன். ஆனால் வேறொரு கேள்வி நம் நெஞ்சை உறுத்துகிறது. மருத்துவமனைகளும் வானூர்தி நிலையமும் யாருடையவை? அரசுடையவை! சட்டத்தை வகுத்த கையே சட்டத்துக்கு முந்தி மண்வெட்டியை எடுத்ததென்றால், தனியாரைப் பார்த்து 'காத்திரு' என்று சொல்ல அந்த வாய்க்கு உரிமை ஏது? காத்திருப்பதிலே முதல்வனாக இருக்கவேண்டியவன் ஆள்பவன் அன்றோ!

மற்றொன்றும் உறுத்துகிறது. ஏரிக்கரையிலே ஓலைக்குடிசை போட்ட கூலியாள் இருக்கிறான். அவனும் அனுமதி பெறவில்லை. ஒரு நாள் காலையிலே இயந்திரம் வருகிறது. மாலைக்குள் குடிசை இல்லை. 'கட்டி முடித்தாயிற்றே' என்று அவன் கதறினால் எவரும் நின்று கேட்பதில்லை. அதே சொல்லைப் பதினாறு மாடி உயரத்திலிருந்து சொன்னால் மட்டும் அது சட்ட வாதமாகிறது, 'முதலீடு' என்ற பெயர் பெறுகிறது. குடிசைக்காரன் வேறு இடமின்றி அங்கே ஒதுங்கினான். மாடம் எழுப்பியவனோ, வேறு இடமிருந்தும், வேறு வழியிருந்தும், பொறுக்க மனமின்றி முந்தினான். இல்லாமைக்கு இரங்காத நெஞ்சம் அவசரத்துக்கு இரங்குமாயின், அது இரக்கமன்று. பணத்துக்குப் போடும் கும்பிடு.

சரி, கட்டி முடித்தாயிற்று. இனி என்னதான் செய்வது? நம் கருத்தைக் கூறிவிடுகிறோம்.

பொறுத்துக்கொள்வது வேறு, ஒப்புக்கொள்வது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதிலேதான் இத்தனை குழப்பமும் பிறந்தன. நீர்வழியை அடைத்து நிற்பதுபோல், நிற்கும் நாளெல்லாம் தீமை செய்யும் கட்டடம் எதுவாயினும் அகலவேண்டும். அதன் உயரம் அதற்குக் காப்பாகக் கூடாது. தீமையைத் திருத்த இயலும், இடிப்பது அதனினும் பெருந்தீமை என்று மெய்யாகவே தெரிந்த இடத்திலே கட்டடம் நிற்கட்டும். ஆனால் அதற்கு 'அனுமதி' என்று பெயர் சூட்டவேண்டா. குற்றம் குற்றமென்றே ஏட்டில் இருக்கட்டும். அதனால் வந்த இலாபம் ஒரு காசும் செய்தவன் கையிலே தங்கக்கூடாது. கெட்ட நிலத்தையும் நீரையும் சீர்செய்யும் செலவும், வாங்கியோர் இழப்பும், தொழிலாளர் கூலியும் அவனிடமிருந்தே வரவேண்டும். குஜராத்திலே முன் அனுமதியின்றி இயங்கிய ஆலைகள் மூன்றை, 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் உச்ச நீதிமன்றம் மூடாது விட்டது. ஆனால் பின் அனுமதி என்ற கொள்கையை ஏற்கவில்லை, ஆலை ஒன்றுக்குப் பத்துக் கோடி ரூபாய் செலுத்தச் சொன்னது. முழு நீதியோ அன்றோ, பொறுத்தலையும் ஒப்புதலையும் பிரித்துக் காட்டிய வழி அது.

இவை அனைத்தினும் மேலானது ஒன்று: முதல் மண்வெட்டு விழும்போதே நிறுத்துவது. அன்று நிறுத்தினால் நட்டம் ஒரு நாட்கூலி. அடித்தளத்திலே நிறுத்தினால் சில இலட்சம். கூரையிலே நிறுத்தினால் பல கோடியும் பலநூறு குடும்பமும். நாள் ஏற ஏற நீதியின் விலை ஏறுகிறது. ஆகவே கண்ணை மூடிக்கொண்டிருந்த அதிகாரி, வெறும் பார்வையாளர் அல்லர். அந்த விலையை ஏற்றிவிட்டவர்களில் அவரும் ஒருவர். அவரையும் கேள்வி கேட்க வேண்டும்.

ஆராய்ந்தபின் வினையில் இறங்கவேண்டும், இறங்கியபின் ஆராயலாம் என்பது பழிக்குரியது என்று வள்ளுவர் ஈராயிரம் ஆண்டுகளாக எடுத்துரைத்து வருகிறார். அவர் அதை மன்னனுக்குச் சொன்னார். இன்று மன்னனில்லை. நாமே ஆள்கிறோம், ஆகவே அந்த அறிவுரையும் நம்முடையதாகிவிட்டது.

வீடு வாங்க எண்ணும் நண்பர்களே! வண்ணப்படத்தைக் காணுமுன் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். அதன் நாளைப் பாருங்கள். மண் வெட்டத் தொடங்கிய நாளோடு ஒப்பிடுங்கள். கடிதம் பிந்தியும் கடப்பாரை முந்தியும் இருக்குமாயின், முன்பணத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். ஊர்ப் பொதுவிலே நிற்கும் நண்பர்களே! தகர வேலிக்குப் பின்னே உறுமல் கேட்கும் முதல் நாளே வினவுங்கள். இரண்டாண்டு கழித்து வினவினால், உங்களுக்கும் அந்த ஒற்றைச் சொல்லே விடையாக வரும்.

'ஆயிற்றே' என்பவனிடம் நாம் கூறவேண்டியது ஒன்றே: ஆயிற்று என்பது செய்தி, ஆகலாமா என்பதே கேள்வி. செய்தியைக் காட்டிக் கேள்வியை மூடாதே. நீ முடித்தது கட்டடத்தை மட்டுமே. எங்கள் கேள்வியை அன்று.